வெளியாட்களுக்கான மீன்பிடி விதிகள்

தண்டர் பே,
11 பிப்ரவரி 1996

அன்புள்ள அக்கா உலாயு அவர்களுக்கு,

தம்பி டேவிட் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். சிறுவயதில் புண்பட்ட நுரையீரல் குளிர்காலத்தில் மட்டும் கொஞ்சம் முனகும், மற்றபடி குறை ஒன்றுமில்லை. அங்கே நீங்களும் உங்கள் மகன் குடும்பமும் சௌக்கியம்தானே?

கிறிஸ்துமஸுக்கு நாம் போனில் பேசியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நாற்பது வருஷம் கழித்துக் கிடைத்த அக்காவிடம் நான் கேட்டது, "அங்க குளிர் எப்படி?" நீங்கள் சொன்னது, "குளிராத்தான் இருக்கு." அதற்கப்புறம் இரண்டு பேரும் அழுதுகொண்டே இருந்தோம். போன் நமக்குச் சரிப்பட்டு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்டில் பஸ் டிப்போவில் எனக்கு மூன்று வாரம் லீவு. வடக்கே நுவுக்குக்கு வந்து நம் ஆற்றில் மீன் பிடிக்க வேண்டும் என்று ஆசை. நான்கு வயதில் காசநோய் என்று என்னை ஆஸ்பத்திரிக் கப்பலில் ஏற்றினார்களே, அதற்கு முந்தைய வாழ்க்கையில் எனக்கு மிஞ்சியது அந்த ஆறு ஒன்றுதான். தண்ணீருக்குள் கல் அடுக்கிக் கட்டிய ஒரு சுவர். அதன் பக்கத்தில் யாருடைய சீல் விலங்குத் தோல் பூட்ஸோ. முகம் இல்லை, பூட்ஸ் மட்டும். இப்போது அது நம் இனுயிட்டு மக்களின் சொந்த நிலம், வெளியாட்கள் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் அனுமதி வாங்க வேண்டும் என்று படித்தேன். அனுமதி தருகிற வேட்டைக்காரர் சங்கத்தில் நீங்களே வேலை பார்க்கிறீர்கள். என்ன விதி, என்ன படிவம் என்று சொல்லுங்கள். சலுகை வேண்டாம்.

இன்னொன்று. என்னை வளர்த்த லெஹ்டோ அம்மா சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சொன்னாள்: "உன்னை ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்தப்ப உனக்கு வேற பேரு இருந்துச்சு. நர்ஸுங்க வாயில நுழையல. டேவிட்னு வச்சுட்டாங்க." அவள் அலமாரியில் கிடைத்த, இனுயிட்டுகளுக்கு அரசாங்கம் மாட்டிய கழுத்துத் தகட்டை வைத்துத்தான் உங்களைக் கண்டுபிடித்தேன். ஆனால் தகட்டில் எண் மட்டும்தான் இருக்கிறது. என் பெயர் என்ன, அக்கா?

பதிலுக்குக் காத்திருக்கும் தம்பி,
டேவிட்

*

நுவுக்,
3 மார்ச் 1996

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் எல்லோரும் திடமாக இருக்கிறோம். எனக்கு முழங்காலில் மட்டும் வலி, அது பழைய சிநேகிதம். உன் நுரையீரலுக்குச் சீல் கொழுப்பு நல்லது. அங்கே கிடைக்காது. கிடைத்தாலும் அந்த வாசனைக்கு உன் அக்கம்பக்கத்தார் வீட்டைக் காலி செய்துவிடுவார்கள்.

முதலில் படிவத்தில் இல்லாத ஒரு விதி. அக்காவை யாராவது 'நீங்கள்' என்பார்களா? நான் என்ன கலெக்டரா? இனிமேல் 'நீ' என்று எழுது.

இனி படிவத்தில் இருக்கிற விதிகள். சலுகை வேண்டாம் என்றாய், அதனால் டென்மார்க்கிலிருந்து மீன் பிடிக்க வருகிற தாடிக்காரர்களுக்கு என்ன சொல்வேனோ அதையே சொல்கிறேன். எங்கள் நிலத்தில் கால் வைப்பதற்கு முன் கையெழுத்திட்ட அனுமதி வேண்டும். ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்டியாகக் கூடவே இருப்பார், அவர் திரும்பலாம் என்றால் திரும்ப வேண்டும். வெளியாளுக்குக் கரிபு மான் கிடையாது. மீன் உண்டு, நாளைக்கு மூன்று. கொன்றதை வீணாக்கக் கூடாது. பழைய கூடாரக் கல்வட்டம், கல்லறை, வழி காட்டக் கற்களை அடுக்கி வைத்த வழிக்கல் எதையும் தொடக் கூடாது. போன வருஷம் ஒருத்தன் வழிக்கல்லிலிருந்து ஒரு கல்லை ஞாபகார்த்தமாக எடுத்துக்கொண்டான். விமானத்திலிருந்து இறக்கித் திரும்ப வைக்கச் சொன்னேன். வைத்தான். பிடித்தது எத்தனை, என்ன செய்தாய் என்று முப்பது நாளுக்குள் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

என் மகனைப் பற்றிக் கேட்டாய். நல்லவன், கொஞ்சம் வாய். அவனுக்கு மூன்று வயதில் ஒரு பெண் இருக்கிறாள். பெயர் நௌயா. நம் அம்மாவின் பெயர்தான். இங்கே ஒருவர் செத்தால் அவர் பெயரை அநாதையாக விடமாட்டோம், அடுத்துப் பிறக்கிற குழந்தைக்கு வைப்போம். அந்த ஆள் திரும்பி வந்துவிட்டதாகத்தான் எங்களுக்கு. அம்மா 89-இல் போனாள், 93-இல் வந்துவிட்டாள். நான் இந்தக் குட்டியை 'அம்மா' என்கிறேன், அது என்னை 'மகளே' என்கிறது. நேற்று சாப்பிடும்போது, "மகளே, மூக்கச் சிந்து" என்று அதட்டியது. சிந்தினேன்.

படிவம் இணைத்திருக்கிறேன். எல்லாக் கட்டத்தையும் நிரப்பி அனுப்பு.

உன் அக்கா,
உலாயு

*

தண்டர் பே,
20 மார்ச் 1996

அன்புள்ள அக்கா,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். 'நீ' என்று எழுத மூன்று தாள் கிழிக்க வேண்டியிருந்தது. இப்போது பழகிவிட்டது.

நம் அம்மா மூன்று வயதில் உன் மூக்கை அதட்டுகிறாள் என்று படித்ததும் டிப்போவில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "எங்கம்மா ஒரு ஜோக் சொன்னாங்க" என்றேன். லெஹ்டோ அம்மா போன பிறகு, அப்படி ஒரு வாக்கியத்தை நான் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது.

மீன் விஷயத்தில் நீ கவலைப்படவே வேண்டாம். நான் இங்கே மீன்பிடி கிளப்பில் இருக்கிறேன். பிடிப்போம், ஈரத் துணியில் ஏந்தி ஒரு போட்டோ எடுப்போம், திரும்ப விட்டுவிடுவோம். உங்கள் ஆற்றில் ஒரு மீன்கூடக் குறையாது.

படிவத்தை நிரப்பியிருக்கிறேன், முதல் கட்டத்தைத் தவிர. 'பெயர்' என்ற கட்டம். அதை நீயே நிரப்பு. போன கடிதத்தில் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை, மறந்திருப்பாய்.

அன்புடன்,
உன் தம்பி

*

நுவுக்,
14 ஏப்ரல் 1996

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். வெயில் ஏறிவிட்டது, பனியில் கண் கூசுகிறது. உன் நெஞ்சு எப்படி?

உன் கடிதத்தைச் சங்கத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், நீ போட்டோ எடுத்துவிட்டு மீனைத் திரும்ப விடுவதாக எழுதிய இடம் வரைக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன், வெட்கமாகப் போய்விட்டது. என் மகன் விடவில்லை. "என்ன பண்ணுவாராம்? வாயில முள்ளு மாட்டி இழுத்து, ஒரு முத்தம் குடுத்து, போயிட்டு வா கண்ணுன்னு அனுப்புவாராமா?" ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரிப்பு இருக்கட்டும். இதைக் கேள். மீன் தன்னைக் கொடுக்க வருகிறது. வேண்டுமென்றால் வாங்கிக்கொள், தின், மற்றவர்களுக்குக் கொடு. வேண்டாம் என்றால் தூண்டிலைப் போடாதே. பசியில்லாமல் பிடித்து, வலிக்கச் செய்து, திரும்ப விடுவது அதோடு விளையாடுவது. விளையாடினால் அடுத்த வருஷம் வராது. எங்கள் ஆற்றில் அது தடை, படிவத்தின் பின்பக்கம் இருக்கிறது, நீ திருப்பிப் பார்க்கவில்லை.

அச்சடிக்காத ஒன்றும் இருக்கிறது. ஒருவன் வாழ்க்கையில் பிடிக்கிற முதல் மீனை அவன் தின்னக் கூடாது. ஒரு துண்டுகூட. முழுசாக அம்மாவுக்குக் கொடுத்துவிட வேண்டும், அவள் தின்றுவிட்டு ஊருக்குப் பங்கு வைப்பாள். அங்கே கிளப்பில் பிடித்ததெல்லாம் கணக்கில்லை. விட்டுவிட்டால் அது மீனே இல்லை.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். காலிக் கட்டத்தோடு வருகிற படிவத்தைச் சங்கம் ஏற்காது. உனக்கு டேவிட் லெஹ்டோ என்று நல்ல பெயர் இருக்கிறதே, அதை எழுது.

அக்கா

*

தண்டர் பே,
28 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? இங்கே ஏரியில் பனிக்கட்டி உடைய ஆரம்பித்துவிட்டது.

மீனோடு விளையாடியதற்கு வருந்துகிறேன். கிளப் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எத்தனை மீனுக்கு அப்படி வலி கொடுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன், எண்ண முடியவில்லை.

முதல் மீனைப் பற்றி நீ எழுதியதிலிருந்து ஒரு பழைய கனவு திரும்பத் திரும்ப வருகிறது. அதை நான் முதலில் கண்டது 1979 ஆகஸ்டில். டிப்போவில் சேர்ந்த வாரம், அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தக் கல் சுவருக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன். கையில் மூன்று முள் வைத்த ஈட்டி. மீன் ஒன்று என் காலை உரசிக்கொண்டு வருகிறது, நான் குத்துகிறேன். கனமாக இருக்கிறது. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனால் அங்கே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அதே பூட்ஸ். மீனை மடியில் வாங்கிக்கொள்கிறாள். துணி நனைகிறதே என்று பார்க்கவில்லை. மீனின் கன்னத்துச் சதையை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி மெல்லுகிறாள். பிறகு வாயைத் திறந்து என்னைக் கூப்பிடுகிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அந்த இடத்தில் விழித்துவிடுவேன். பதினேழு வருஷமாக அதே இடத்தில் விழிக்கிறேன்.

அவள் என்னவென்று கூப்பிடுகிறாள், அக்கா? அது ஒன்று தெரிந்தால் போதும். படிவத்தில் டேவிட் லெஹ்டோ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்புறம், உன் மகனைப் பற்றி இவ்வளவு எழுதுகிறாய், அவன் பெயரை மட்டும் ஒரு தடவைகூட எழுதவில்லையே?

உன் தம்பி

*

தண்டர் பே,
9 ஜூன் 1996

அக்கா,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? முழங்கால்? விமானம் வரவில்லையா? போன் போட்டேன், ஒரு குழந்தை எடுத்து ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அதட்டுகிற மாதிரி இருந்தது. அம்மாவாகத்தான் இருக்க வேண்டும்.

கனவையெல்லாம் எழுதியது தப்பா? தப்பாக இருந்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

தம்பி

*

நுவுக்,
21 ஜூன் 1996

திரு. டேவிட் லெஹ்டோவுக்கு,

நலம். தங்கள் நலமும் அவ்வாறே ஆகுக. தாங்கள் கேட்டிருந்த மீன்பிடி அனுமதியைச் சங்கம் வழங்கியுள்ளது. அனுமதிச் சீட்டு இத்துடன் இருக்கிறது. வகை: வெளியாள். காலம்: ஆகஸ்டு 5 முதல் 26 வரை. பெயர்க் கட்டத்தை அலுவலகமே நிரப்பியுள்ளது.

கடல் பனிக்கட்டி உடைந்துகொண்டிருக்கிறது. வேலை அதிகம்.

உலாயு,
வேட்டைக்காரர் சங்கம்

*

தண்டர் பே,
2 ஜூலை 1996

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் சங்கமும் நலமாக இருக்கட்டும்.

அனுமதிச் சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். சலுகை வேண்டாம் என்று நான்தான் எழுதினேன், அதனால் உங்கள் மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் 'வகை: வெளியாள்' என்று உங்கள் கையெழுத்தில் பார்த்தபோது வலித்தது. மறைக்காமல் சொல்கிறேன், ரொம்ப வலித்தது.

ஆஸ்பத்திரியில் எனக்கு எண் இருந்தது. லெஹ்டோ வீட்டில் அன்பு இருந்தது, ஆனால் அந்தப் பெயர் அவர்களுடையது. என்னைப் பெற்றவள் எனக்கு வைத்த ஒரு சொல், அது மட்டும்தான் உலகத்தில் எனக்கே எனக்கென்று இருந்தது. அது உங்களுக்குத் தெரியும். இரண்டு முறை, மூன்று முறை கேட்டேன். தரவில்லை. நான் வர வேண்டாம் என்பதற்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

வரவில்லை. தொந்தரவுக்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு என் முத்தங்கள்.

டேவிட்

*

நுவுக்,
16 ஜூலை 1996

என் தம்பிக்கு,

நான் நலமில்லை. அதனால் நலம் என்று எழுதவில்லை. நீ நலமா என்று கேட்கிற யோக்கியதையும் இன்றைக்கு எனக்கு இல்லை. இதை முடித்த பிறகு கேட்கிறேன்.

உன் பெயர் அகவாக்.

எழுதிவிட்டேன். ஐந்து மாதமாக இதை எழுதத்தான் பேனா எடுத்தேன், ஒவ்வொரு முறையும் விதிகளை எழுதினேன். விதி எழுதுவது எனக்குச் சுலபம்.

கேள். உன்னைக் கப்பலில் ஏற்றியபோது எனக்குப் பத்து வயது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஆகஸ்டும் கப்பல் வருகிற நாளில் அம்மா கரையில் போய் நிற்பாள். முதல் படகிலிருந்து கடைசிப் படகு வரை நிற்பாள். உன்னைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இரண்டு வருஷம், ஐந்து வருஷம், பத்து வருஷம். ஊரில் குழந்தை பிறக்கும்போதெல்லாம் யாராவது மெல்லக் கேட்பார்கள், உன் பெயரை வைக்கலாமா என்று. அம்மா சீறுவாள். "அவன் செத்துட்டான்னு உங்களுக்கு யாரு சொன்னா? பேரு அவன்கிட்டதான் இருக்கு. வேணும்னா அவன் வந்து குடுக்கட்டும்." அப்புறம் யாரும் கேட்கவில்லை.

1972 ஏப்ரலில் எனக்கு மகன் பிறந்தான். பிறந்ததிலிருந்து அழுதான். இங்கே ஒரு குழந்தை அப்படி அழுதால் தன் பெயரைக் கேட்கிறது என்று பொருள், செத்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்போம். சரியான பெயர் வந்ததும் நிறுத்திவிடும். நம் அப்பாவின் பெயரைச் சொன்னோம். அழுதான். நீரில் மூழ்கின சித்தப்பா பெயர், அழுதான். என் மாமனார் பெயரைச் சொன்னதும் இன்னும் உரக்கக் கத்தினான், அவரைத் தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நாலு நாள். பால் குடிக்கவில்லை, முகம் நீலம் பாரித்துவிட்டது. என் கையிலேயே போய்விடுவான் என்று நினைத்தேன். அப்போது என் வாய் 'அகவாக்' என்றது. அம்மாவைக் கேட்கவில்லை. யாரையும் கேட்கவில்லை.

அழுகை நின்றது. என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டான்.

அம்மா கையிலிருந்த டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்து வெளியே போனாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு நாலு நாள் மாதிரி இருந்தது. திரும்பி வந்தபோது முகத்தில் பனி ஒட்டியிருந்தது. குழந்தையை என்னிடமிருந்து வாங்கினாள். "மகனே, இவ்வளவு நாளா எங்கடா இருந்த?" என்றாள்.

அந்த ஆகஸ்டில் கப்பல் வந்தது. அம்மா கரைக்குப் போகவில்லை. அதற்கப்புறம் ஒரு ஆகஸ்டும் போகவில்லை. சாகும்வரை சந்தோஷமாக இருந்தாள். அதுதான் என்னைத் தின்கிறது. நீ எங்கேயோ உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தாய், நான் இங்கே ஒரு சொல்லில் உன்னைச் செத்தவனாக்கிவிட்டேன். உனக்காகக் காத்திருந்த ஒரே ஆளையும் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். போன வருஷம் நீ இருக்கிறாய் என்று தகவல் வந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது.

உன் கனவைப் படித்துவிட்டுத்தான் ஆறு வாரம் எழுதவில்லை. 1979 ஆகஸ்டில் என் மகனுக்கு ஏழு வயது. மீனை மறிக்கிற அந்தக் கல் சுவரில் நின்று முதல் மீனைக் குத்தினான். எனக்குத் தரவில்லை, நேராக நம் அம்மாவிடம் எடுத்துக்கொண்டு போனான். மடியில் வாங்கினாள். கன்னத்துச் சதையை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். நீ பார்த்ததைத்தான் நானும் பார்த்தேன், கரையில் நாலு அடி தள்ளி நின்று. அவள் வாய் திறந்து கூப்பிட்டது அந்தப் பெயரைத்தான்.

இதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது, நான் படிவம் நிரப்புகிறவள்.

உன்னை வெளியாள் என்று எழுதினால் நீ டேவிட்டாகவே வந்து, மூன்று மீனோடு திரும்பிவிடுவாய், எனக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். அவ்வளவு கோழை உன் அக்கா. வா என்று கூப்பிட எனக்கு முகமில்லை.

இப்போது கேட்கிறேன். நலமா?

உலாயு

*

நுவுக்,
17 ஜூலை 1996

அகவாக்குக்கு அகவாக் எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். அதனால் நீங்களும் பாதியாவது சுகமாக இருக்க வேண்டும்.

எங்கம்மா நேற்று எழுதிய கடிதத்தை ஒட்டாமல் மேஜையில் வைத்துவிட்டு மூஞ்சி கழுவப் போனாள். படித்துவிட்டேன். தப்புத்தான். அதிலேயே இதையும் சொருகுகிறேன்.

இருபத்துநாலு வருஷமாக உங்கள் பெயரை வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை மட்டும் ஐஸ் உடைந்து கடலில் விழுந்தேன், அது உங்கள் தப்பா என் தப்பா தெரியவில்லை. எங்கம்மா என்னை மகனே என்று கூப்பிடுவது திட்டும்போது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் 'தம்பி'. சின்ன வயதில் ராத்திரிச் சாப்பாட்டில் எனக்குத்தான் முதல் துண்டு. "தம்பிக்கு அங்க என்ன குடுக்கறாங்களோ" என்று சொல்லிக்கொண்டே வைப்பாள். அவள் உங்களைச் சாகடித்ததாக எழுதியிருக்கிறாள். தினமும் சோறு போட்டிருக்கிறாள், அதை எழுதவில்லை.

ஒரே பெயர்க்காரர்கள் இங்கே ஒருத்தரை ஒருத்தர் 'என் பாதி' என்று கூப்பிட்டுக்கொள்வோம். ஒரு பெயரை இரண்டு பேர் வைத்திருப்பது எங்களுக்குப் புதுசு இல்லை. இவள்தான் பயந்துவிட்டாள்.

நேற்று சாயங்காலம் சங்கக் கூட்டம். இந்த நிலத்தில் உரிமையுள்ளவர்களின் ஊர்ப் பட்டியலில் உங்களைச் சேர்க்க வேண்டும் என்று எழுந்து சொன்னேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் தலைவர் கிலாபுக் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலைத் தேடினார். "அகவாக் ஏற்கெனவே இருக்கானேப்பா, எதுக்கு இன்னொரு தடவ எழுதணும்?" என்றார். "இது மீதிப் பாதிங்க" என்றேன். "அப்ப அந்தப் பாதிக்கும் ஓட்டுப் போடுவோம்" என்றார். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கூட.

விதிப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை பார்த்துவிட்டேன். ஒருத்தன் தன் பாதியைப் பார்க்க வருவதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. என் முதல் மீன் உங்கள் பெயரில் போய்விட்டது. உங்கள் முதல் மீன் இன்னும் கடலில்தான் இருக்கிறது. ஆகஸ்டில் ஆற்றில் ஏறும். அது வரும்போது நீங்கள் இல்லாவிட்டால் மரியாதையாக இருக்காது.

செவ்வாய்க்கிழமை விமானத்தில் வாருங்கள். முத்தம் கொடுத்து அனுப்புகிற வேலையெல்லாம் வேண்டாம்.

உங்கள் பாதி,
அகவாக்

*

நுவுக்,
25 ஆகஸ்டு 1996

வேட்டைக்காரர் சங்கத்துக்கு,

அனைவரும் நலம். நானும் நலம், ஆற்றில் நின்ற குளிரில் முழங்காலுக்குக் கீழே மட்டும் இன்னும் உணர்ச்சி வரவில்லை.

ஊர்ப் பட்டியலில் இருப்பவர் மீன்பிடி அறிக்கை தரத் தேவையில்லை என்று அக்கா சொல்கிறாள். இருந்தாலும் இந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

பெயர்: அகவாக்.

வழிகாட்டியின் பெயர்: அகவாக்.

இடம்: கல் சுவர். நினைவில் இருந்ததைவிடச் சின்னது.

பிடித்த மீன்: ஒன்று. பதினோரு தடவை குத்தி, பன்னிரண்டாவது தடவை. என் பாதி கரையில் நின்று ஒவ்வொரு தடவையையும் உரக்க எண்ணினான்.

திரும்ப விட்டது: இல்லை.

தெற்கே கொண்டுபோவது: இல்லை.

பிடித்ததை என்ன செய்தீர்கள்: அம்மாவுக்குக் கொடுத்தேன். மூன்று வயது அம்மா பாசிமேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மீன் அவளைவிடக் கொஞ்சம்தான் சின்னது. மடியில் வைத்ததும் சட்டையெல்லாம் நனைந்தது, அவள் பார்க்கவில்லை. அக்கா கன்னத்துச் சதையை எடுத்துக் கையில் கொடுத்தாள். அம்மா வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி மென்றாள். நான் எப்போதும் விழித்துக்கொள்கிற இடம் அதுதான், அதனால் அசையாமல் நின்றேன். விழிக்கவில்லை. அம்மா கண்ணைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள். "அகவாக், இன்னொண்ணு" என்றாள். அக்கா மீனுக்கு மேலே குனிந்து அழுதாள். பிறகு ஊர் ரேடியோவில், அகவாக் முதல் மீன் பிடித்திருக்கிறான், வந்து சாப்பிடுங்கள் என்று சொன்னார்கள். கிழவர் ஒருவர் வந்து, "இவன் போன தடவையே முதல் மீன் பிடிச்சானேய்யா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு துண்டு வாங்கிக்கொண்டு போனார். விதிப்படி நான் ஒரு துண்டும் தின்னவில்லை. வாசனை மட்டும் பிடித்தேன்.

இந்த நிலத்தை விட்டுப் புறப்படும் நாள்:

அந்தக் கட்டத்தை விட்டுவிட்டேன். காலிக் கட்டத்தோடு வருகிற படிவத்தைச் சங்கம் ஏற்காது என்று எனக்குத் தெரியும். அக்கா அதன்மேல் முத்திரை குத்திவிட்டாள்.

இப்படிக்கு,
அகவாக்